பழைய காரில் போன் பாட்டு: எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்குவது முதல் இரைச்சல் இல்லாமல் கேட்பது வரை

அப்பாவின் கார் 2009 மாடல். ரேடியோ உண்டு, சிடி போடலாம், அவ்வளவுதான். புளூடூத் கிடையாது, பென் டிரைவ் செருக இடம் கிடையாது. பொங்கலுக்குத் தாம்பரத்திலிருந்து திருநெல்வேலி கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், 350 ரூபாய்க்கு ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை வாங்கி மாட்டினேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால், போன் பாட்டைக் கார் ரேடியோவில் கேட்க வைக்கும் குட்டிக் கருவி அது. செங்கல்பட்டு வரை அமர்க்களம். திண்டிவனத்தை நெருங்கும்போது பாட்டுக்கு நடுவில் யாரோ வணக்கம் சொன்னார்கள். விழுப்புரம் தாண்டுவதற்குள் பாதிப் பாட்டு, பாதிப் பேச்சு, மீதி சர்ர்ரென்று இரைச்சல். திருச்சியில் அம்மா, “அதைப் பிடுங்கிப் போட்டுட்டு சும்மா வாடா” என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு டிரான்ஸ்மிட்டர் மாற்றி, ஒரு ஃபியூஸ் எரித்து, மொத்தம் 1,900 ரூபாய் வரை கையைவிட்டுப் போன பிறகுதான் புரிந்தது: கோளாறு பெரும்பாலும் கருவியில் இல்லை, நான் மாட்டிய விதத்தில் இருந்தது. முதலிலேயே விவரம் தெரிந்திருந்தால் 700 ரூபாயோடு முடிந்திருக்கும். உங்களுக்காவது அப்படி முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் காரில் போய் உட்கார்ந்து, ஸ்டீரியோவின் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். காது போன் செருகுவது போன்ற சின்ன வட்டத் துளை இருக்கிறதா? அதுதான் ஆக்ஸ். சில வண்டிகளில் அது ஸ்டீரியோவில் இருக்காது. கியருக்குப் பக்கத்திலோ, நடுவில் இருக்கும் கைப்பெட்டிக்குள்ளோ ஒளிந்திருக்கும். ஆக்ஸ் இருந்தால் டிரான்ஸ்மிட்டரே வேண்டாம். 300 முதல் 600 ரூபாய்க்குள் ஆக்ஸில் செருகும் புளூடூத் ரிசீவர் கிடைக்கிறது. பாட்டு கம்பி வழியாக ஸ்டீரியோவுக்குள் போவதால், எந்த ஊரைத் தாண்டினாலும் யாரும் குறுக்கே வந்து வணக்கம் சொல்ல மாட்டார்கள்.

முன்பக்கம் ஒன்றும் இல்லையென்றால் ஸ்டீரியோவின் முதுகில் இருக்கலாம். மாடல் எண்ணைப் போனில் படம் பிடித்து, நெட்டில் தேடி, பின்பக்கப் படத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து கம்பி கொடுக்கும் துளை இருந்தால், ஒரு கார் ஆடியோ மெக்கானிக் அரை மணி நேரத்தில் கம்பியை முன்னால் இழுத்துக் கொடுத்துவிடுவார்.

உங்கள் கார் இன்னும் பழையது, கேசட் செட்தான் இருக்கிறது என்றால் நீங்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலி. கேசட் வடிவத்திலேயே, வால் போல ஒரு கம்பி தொங்கும் அடாப்டர் இருக்கிறது. அது டிரான்ஸ்மிட்டரைவிட நன்றாகவே பாடும். செட்டுக்குள் பெல்ட்டும் ஹெட்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

இவை எதுவும் இல்லை, ரேடியோ மட்டும்தான் வேலை செய்கிறது என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள். ரேடியோவே சரியாக எடுக்காத காரில் டிரான்ஸ்மிட்டரும் பாடாது. அதையும் இப்போதே ஏதாவது ஒரு உள்ளூர் நிலையத்தை வைத்துச் சோதித்துவிடுங்கள். கூரையில் இருக்கும் ஆன்டெனா குச்சி உடைந்திருந்தால் 200, 300 ரூபாய்க்குப் புதுக் குச்சி கிடைக்கும். கழற்றி மாட்ட ஸ்பேனர்கூட வேண்டாம், திருகினால் போதும்.

2. வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்

சுமாரான டிரான்ஸ்மிட்டர் 350 ரூபாயிலிருந்து கிடைக்கும். 700 முதல் 1,200 ரூபாய்க்குள் இருப்பவை போதும். அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் காசு வண்ண விளக்குக்கும் பளபளப்புக்கும்தான். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவிலோ, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தருவதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதை முதலில் பாருங்கள். அந்த நாட்களுக்குள் ஒரு தடவையாவது ஊர் எல்லையைத் தாண்டி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வாசலில் நிறுத்தி ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுத் திருப்தியாக அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டது என் முதல் தப்பு. பில், பெட்டி, உள்ளே இருந்த சின்ன காகிதம் எல்லாவற்றையும் ஒரு மாதமாவது வைத்திருங்கள். பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிட்டால், பழுதான சாமான் வந்தால் வாதாட வேண்டியிருக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் விலையைவிட முக்கியமானவை சில உண்டு.

எண் திரை கட்டாயம். அதில் அலைவரிசை தெரிய வேண்டும், 0.1 வீதம் ஏற்றி இறக்க முடிய வேண்டும். நம் நாட்டு எஃப்.எம். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த முழு நீளத்தையும் கருவி தொட வேண்டும். சில மலிவுச் சரக்குகளில் நாலைந்து எண்கள் மட்டும் இருக்கும். அந்த நாலைந்திலும் ஏற்கெனவே யாராவது பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்குப் போக்கிடம் இல்லை. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்ததாக இருந்தால், 88.1, 88.3 என்று ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டுமே தாவலாம். அங்கே நிலையங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இலங்கையில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ஜப்பானிய ரேடியோ 76இல் தொடங்கி, பழைய செட்டுகளில் 90இலேயே முடிந்துவிடும். டிரான்ஸ்மிட்டரோ 87.5இல்தான் தொடங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் 87.5க்கும் 90க்கும் நடுவில் மட்டும்தான். அதற்குள் ஒரு காலி எண் கிடைக்காவிட்டால் எந்த டிரான்ஸ்மிட்டரும் உதவாது.

அடுத்தது கருவியின் உடம்பு. லைட்டர் சாக்கெட் கியர் கம்பிக்கு நேர் முன்னால் இருக்கும் வண்டிகளில், குண்டான டிரான்ஸ்மிட்டரை மாட்டிவிட்டு முதல் கியர் போட்டால் கை முட்டி அதில் இடிக்கும். என் இரண்டாவது கருவி அப்படித்தான்: மூன்றாவது கியருக்குப் போகும்போதெல்லாம் விரல் பட்டு அடுத்த பாட்டுக்குத் தாவியது. வாங்குவதற்கு முன் சாக்கெட்டுக்கும் கியருக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று அளந்து பாருங்கள். கழுத்து வளையும் வகை பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும்.

பேட்டரி வோல்டேஜ் காட்டும் வசதி இருந்தால் நல்லது. எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.4, 12.6 என்றும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்டினால் பேட்டரியும், ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நலம். பாட்டுக்குச் சம்பந்தமில்லாத வசதிதான். ஆனால் எங்கள் பேட்டரி சாகப்போவதை முதலில் சொன்னது இந்த எண்தான். லாரி, வேன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய வண்டிகளில் 24 வோல்ட். பெட்டியில் 12-24 வோல்ட் என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

“ஐம்பது மீட்டர் வரை எடுக்கும்” என்று யாராவது பெருமையாக விற்றால் வாங்காதீர்கள். காருக்குள் கேட்க இரண்டு மூன்று மீட்டர் போதும். பலமாக அலைபரப்புவதற்கு இங்கே உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்வது குற்றம்.

3. காலியான அலைவரிசையைக் கண்டுபிடியுங்கள்

முக்கால்வாசி வேலை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.

டிரான்ஸ்மிட்டர் என்பது ஒரு குட்டி வானொலி நிலையம். போனிலிருந்து வரும் பாட்டை வாங்கி ஒரு எண்ணில் ஒலிபரப்புகிறது. கார் ரேடியோ அதே எண்ணில் அதைக் கேட்கிறது. எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அநேகமாக விட்டுவிடும். உங்கள் குட்டி நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் தூரத்து நிலையத்தை அமுக்கிவிடும். ஆனால் நீங்கள் அந்த ஊர்க் கோபுரத்தை நெருங்க நெருங்கத் தராசு மறுபக்கம் சாயும். நடுவில் சில கிலோமீட்டருக்கு இரண்டும் மாறி மாறி இழுக்கும். திண்டிவனத்தில் எனக்கு நடந்தது அதுதான். நான் வைத்திருந்த எண் 102.8. சென்னையில் அது காலி. புதுச்சேரியில் அகில இந்திய வானொலியின் ரெயின்போ என்ற எஃப்.எம். நிலையம் ஒலிபரப்பாவது அதே 102.8இல் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆகவே காலி எண்ணை இப்படித் தேடுங்கள். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வையுங்கள். எஞ்சினை ஓட விடுங்கள். வண்டி வெட்டவெளியில் நிற்கட்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்று தேடினால் எல்லா எண்ணும் காலியாகத்தான் தெரியும். ரேடியோவை 87.5இல் வைத்து, கையால் 0.1 வீதம் ஏற்றிக்கொண்டே போங்கள். தானாகத் தேடும் பொத்தானைத் தொடாதீர்கள். அது பலமான நிலையங்களில் மட்டும் நிற்கும், பலவீனமானவற்றைத் தாண்டி ஓடிவிடும். உங்களுக்கு வேண்டியதோ அந்தப் பலவீனமான நிலையம்கூட இல்லாத இடம்.

ஒவ்வோர் எண்ணிலும் ஐந்து நொடி காது கொடுங்கள். மழை பெய்வது போல ஒரே சீராகச் சர்ர்ரென்று கேட்டால் நல்ல இடம். அதற்கு அடியில் முணுமுணுப்பாகப் பேச்சோ தாளமோ கேட்டால் அது காலியில்லை. ஒரு எண் காலியாக இருந்தால் மட்டும் போதாது. அதற்கு இருபுறமும் 0.2 வரை காலியாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நிலையம் பலமாக இருந்தால் சுவர் தாண்டி இங்கேயும் கசியும்.

எங்கே தேடுவது என்பதற்கு என் அனுபவக் கணக்கு: தமிழ்நாட்டில் தனியார் நிலையங்கள் பெரும்பாலும் 91க்கு மேல்தான். சென்னையில் ரேடியோ சிட்டி 91.1, பிக் 92.7, சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4. இவற்றில் சிலவற்றை மற்ற ஊர்களிலும் அதே எண்ணில் கேட்கலாம். அகில இந்திய வானொலி நிலையங்கள் 100 முதல் 103 வரை கூட்டமாக இருக்கின்றன. கோடை பண்பலை 100.5 மலைமேலிருந்து வருவதால் தென்மாவட்டங்களில் வெகுதூரம் கேட்கும். அந்த எண்ணின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். 90.4, 90.8, 107.8 போன்றவை கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமூக வானொலிகளுக்குரியவை. அவை சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். அதனால் வீட்டு வாசலில் இல்லாதது அடுத்த பேட்டையில் திடீரென்று முளைக்கும்.

இவற்றையெல்லாம் கழித்தால் 87.6இலிருந்து 89.5 வரை உள்ள துண்டுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். அதில் மூன்று எண்களைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் காரில் 87.8, 88.4, 89.2. அவை எங்கள் வழிக்கு ஒத்துவந்தவை. உங்கள் தெருவில் நீங்களேதான் தேட வேண்டும். மூன்றையும் ரேடியோவின் 1, 2, 3 பொத்தான்களில் அழுத்திப் பிடித்துப் பதிந்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள்.

கடையிலிருந்து வரும்போது கருவியில் பதிந்திருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதே கருவி வைத்திருக்கும் எல்லோரும் அதே எண்ணில்தான் இருப்பார்கள். குரோம்பேட்டை சிக்னலில் ஒருநாள் எங்கள் ஸ்பீக்கரில் முருகன் பாட்டு ஒலித்தது. நாங்கள் போட்டது அதுவல்ல. பக்கத்தில் நின்ற கால்டாக்சியின் டேஷ்போர்டில் மயில்படம். சிக்னல் விழுந்ததும் முருகனும் போய்விட்டார்.

4. மாட்டும் வரிசை

முதலில் சாக்கெட்டுக்குள் பாருங்கள். பல வருடம் பயன்படுத்தாத சாக்கெட்டில் தூசி, மிட்டாய்க் காகிதம், சமயத்தில் ஒரு ரூபாய் நாணயம்கூட இருக்கும். நாணயத்தோடு கருவியைச் செருகினால் ஃபியூஸ் போகும்; நான் எரித்த ஃபியூஸ் அப்படித்தான் போனது. புது ஃபியூஸ் பத்து, இருபது ரூபாய்தான். ஆனால் பழையதில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதையே போடுங்கள். “பெருசா போட்டா போகாது சார்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது ஃபியூஸுக்குப் பதில் கம்பி எரியும்.

சரி, இப்போது வரிசை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு டிரான்ஸ்மிட்டரைச் செருகுங்கள், பிறகு ரேடியோவை அதே எண்ணுக்குக் கொண்டுபோங்கள். செருகிய நிலையில் ஸ்டார்ட் செய்தால் அந்த நொடியில் வோல்டேஜ் விழுந்து எழும். மலிவான கருவிகள் அதில் அணைந்து எரிந்து, நீங்கள் வைத்த எண்ணை மறந்துவிடும்.

சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சில கார்களில் சாவியோடு அணையும், சிலவற்றில் அணையாது. அணையாத வண்டியென்றால் இறங்கும்போது பிடுங்கிவிட வேண்டும். ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகாது. பத்து நாள் வண்டியை எடுக்காமல் ஊருக்குப் போய்வந்தால், பழைய பேட்டரி படுத்துவிடும்.

5. போனை இணைப்பது

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. போனில் புளூடூத்தைத் திறந்து, கருவியின் பெயர் வந்ததும் தொடுங்கள். கடவு எண் கேட்டால் 0000 அல்லது 1234. இரண்டு நிமிட வேலை. வீட்டில் எல்லோருடைய போனையும் இணைத்து வைக்காதீர்கள். வண்டியில் ஏறியதும் எது முதலில் போய் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. தம்பியின் போன் ஒட்டிக்கொண்டு, அவன் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் வர்ணனை எங்கள் எல்லோருக்கும் ஓடியது ஒருமுறை.

வழிகாட்டும் மேப் செயலியின் குரலும் இதே வழியாகத்தான் வரும். பாட்டு ஓடாத நேரத்தில் புளூடூத் தூங்கிவிடும். மேப் பேசத் தொடங்கும்போதுதான் விழிக்கும். அதற்குள் முதல் சொல் போய்விடும். “இடப்புறம்” என்றும் “வலப்புறம்” என்றும் அது சொல்வது நம் காதில் வெறும் “புறம் திரும்பவும்” என்று விழும். எந்தப் புறம்? மெல்லிய சத்தத்திலாவது ஒரு பாட்டை ஓடவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அழைப்பு வந்தால் எதிர்முனையில் பேசுபவர் குரலும் ஸ்பீக்கரில்தான் வரும், அதாவது அதே எண்ணில் ஒலிபரப்பாகும். சிக்னலில் பக்கத்துக் காருக்கும் கேட்கலாம் என்பதை வங்கி விஷயம் பேசும்போது நினைவில் வையுங்கள். அழைப்புக்கு மட்டும் இந்தக் கருவி வேண்டாம் என்றால், போனின் புளூடூத் அமைப்பில் அழைப்பு ஒலியை அணைத்துவிட்டு மீடியா ஒலியை மட்டும் விட்டுவைக்கலாம்.

பென் டிரைவில் கேட்பவர்களுக்கு: பெரும்பாலான கருவிகள் 32 ஜிபி வரைதான் எடுக்கும், அதுவும் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால். பாட்டுகள் எம்பி3 ஆக இருக்கட்டும். அப்புறம் ஒரு விசித்திரம்: பல கருவிகள் பெயர் வரிசையில் பாடாது, நீங்கள் எந்த வரிசையில் நகலெடுத்தீர்களோ அந்த வரிசையில்தான் பாடும். அப்பாவுக்குக் காலையில் பக்திப் பாட்டு முதலில் வர வேண்டும். ஆகவே அந்த ஃபோல்டரை முதலில் நகலெடுத்து, முடிந்த பிறகு அடுத்ததை எடுத்தேன்.

6. சத்தத்தின் மூன்று படிகள்

போன், டிரான்ஸ்மிட்டர், ஸ்டீரியோ என்று மூன்று இடத்தில் சத்தம் கூட்டலாம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனில் குறைவாக வைத்துக்கொண்டு ஸ்டீரியோவில் ஏற்றினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும். மூன்றையும் உச்சத்துக்கு ஏற்றினால் “ச”, “ஸ” வரும் இடமெல்லாம் பொரிந்து தெறிக்கும்.

நான் செய்வது இது. முதலில் ஸ்டீரியோவில் ஏதாவது உள்ளூர் நிலையத்தை வைத்து, காதுக்கு இதமான சத்தத்தில் நிறுத்துகிறேன். அதை இனித் தொடுவதில்லை. போனில் பத்துக்கு எட்டு பங்கு. பிறகு ரேடியோவை நம் எண்ணுக்கு மாற்றி, டிரான்ஸ்மிட்டரின் சத்தத்தை அடியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, உள்ளூர் நிலையத்தின் அளவுக்கு வந்ததும் நிறுத்துகிறேன். அதற்கு முன்பே பொரிய ஆரம்பித்தால் இரண்டு படி இறக்கம். ஸ்டீரியோவில் பாஸையும் டிரெபிளையும் நடுவில் வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. ஸ்டீரியோவை நிறைய ஏற்றி வைத்த நிலையில் யாராவது டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கினால், ரேடியோ வெற்று அலையைப் பிடித்து உரத்த இரைச்சலைக் கக்கும். பின் சீட்டில் தூங்கும் குழந்தை அலறி எழும். பிடுங்குவதற்கு முன் ஸ்டீரியோவைக் குறையுங்கள்.

7. இரைச்சல் வந்தால் எங்கே தேடுவது

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் “ஙொய்ய்ங்” என்ற ஓசை வந்தால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து மின்கம்பி வழியாக வருவது. அப்பா இதை வண்டு என்பார். போனைக் கம்பி மூலம் கருவியோடு இணைத்துக்கொண்டு, அதே கருவியில் சார்ஜும் போட்டால் இந்த வண்டு பெரும்பாலும் வரும். சார்ஜ் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். வண்டு போய்விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. புளூடூத்துக்கு மாறுங்கள், அல்லது 250, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசலேட்டரை (இந்த வண்டைத் தடுக்கும் சின்னக் கருவி) ஆடியோ கம்பியின் நடுவில் போடுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு மாறாமல் ஒரே மாதிரி இரைச்சல் இருந்தால், காரில் வேறு என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். மலிவான சார்ஜர்களும், சாலையைப் படம் பிடிக்கும் டேஷ்கேமின் அடாப்டரும் எஃப்.எம். பக்கம் அழுக்கைக் கொட்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவார். எங்கள் காரில் அது டேஷ்கேம். அதன் கம்பியைக் கூரையின் மறு ஓரமாக, ஆன்டெனா கம்பியிலிருந்து விலக்கி ஓட்டியதும் பாதி குறைந்தது.

பாட்டு பலவீனமாக இருந்தால் பெரும்பாலும் தூரம்தான் காரணம். ஆன்டெனா கூரையின் பின்பக்கம், சாக்கெட் முன்பக்கம். 150, 200 ரூபாய்க்கு லைட்டர் சாக்கெட்டுக்கு நீட்டிப்புக் கம்பி கிடைக்கும். அதை மாட்டி, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டு, முன்கண்ணாடித் தூண் ஓரம், சீட்டுக்கு நடுவே என்று நகர்த்திப் பாருங்கள். ஒரு சாண் நகர்த்தியதில் எங்களுக்கு ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. ஆடியோ கம்பி உள்ள வகையில் அந்தக் கம்பியேதான் ஆன்டெனாவாக வேலை செய்யும். அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைக்காமல் நீட்டி விடுங்கள்.

இதற்கு நேர்மாறான தந்திரமும் ஒன்று இருக்கிறது. வெளி நிலையம் தொந்தரவு செய்கிறது, எண் மாற்றவும் வழியில்லை என்றால், வண்டியை ஓரமாக நிறுத்திக் கூரை ஆன்டெனாக் குச்சியை மடக்கியோ கழற்றியோ பாருங்கள். வெளியிலிருந்து வருவது குறைந்து, உள்ளே இருப்பது ஜெயிக்கும். எல்லா வண்டியிலும் பலிக்காது. எங்கள் வண்டியில் பலித்தது.

8. நெடுஞ்சாலையில்

எந்த எண்ணும் சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை முழுக்கக் காலியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஊரை நெருங்கும்போது கலக்கும், தாண்டியதும் தெளியும். விழுப்புரம், திருச்சி, மதுரை மூன்று இடத்திலும் நாங்கள் எண் மாற்றுகிறோம். மாற்றும் வரிசை: முதலில் ரேடியோவில் அடுத்த பொத்தானை அழுத்தி அங்கே யாராவது பேசுகிறார்களா என்று கேளுங்கள். காலியென்றால் டிரான்ஸ்மிட்டரையும் அந்த எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இதைப் பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டும். தனியாக ஓட்டுபவர்கள் டீக்கடையில் நிறுத்தும்போது செய்யுங்கள். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுப்பது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே சேர்ந்துவிட்டது. 2019 திருத்தத்தின்படி முதல் தடவைக்கே அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை.

கடற்கரையோரம் போகிறவர்களுக்கு இன்னொரு விருந்தாளி உண்டு. ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கம் இலங்கை நிலையங்கள் நன்றாகக் கேட்கும். சென்னையில் தேர்ந்தெடுத்த மூன்று எண்ணும் அங்கே உதவாமல் போகலாம். போய்ச் சேர்ந்ததும் புதிதாக ஒரு முறை தேடிக்கொள்ளுங்கள். சில நேரம் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு அவர்கள் போடும் பாட்டையே கேட்கலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

9. செலவுக் கணக்கும், எப்போது விட்டுவிடுவது என்பதும்

ஒழுங்காகச் செய்தால்: டிரான்ஸ்மிட்டர் 700, வேண்டியிருந்தால் ஆன்டெனாக் குச்சி 250, நீட்டிப்புக் கம்பி 150. ஆக 1,100 ரூபாய்க்குள் அடங்கும். நேரம் ஒரு ஞாயிறு காலை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒலி சிடி போல இருக்காது. எஃப்.எம். ரேடியோ எவ்வளவு நன்றாக ஒலிக்குமோ அதுதான் உச்சவரம்பு. அதிக ஓசையில்லாத மெல்லிசையில் அடியில் ஒரு லேசான சர்ர் இருந்துகொண்டே இருக்கும். வீணை கேட்பவர்களுக்கு அது உறுத்தும், குத்துப் பாட்டுக்குத் தெரியாது.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் இருப்பவர், வண்டியை இன்னும் இரண்டு மூன்று வருடம் வைத்திருக்கப் போகிறவர் என்றால், டிரான்ஸ்மிட்டரில் காசு போடாமல் புளூடூத் உள்ள சாதாரண ஸ்டீரியோவாக மாற்றிவிடுங்கள். 2,500இலிருந்து கிடைக்கிறது, மாட்டுக்கூலி தனி. மாட்டும்போது கம்பியை வெட்டி டேப் சுற்ற விடாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கென்றே, வெட்டாமல் செருகி இணைக்கும் கப்ளர் விற்கிறார்கள், 200, 300 ரூபாய்தான். பழைய செட்டை அவரிடமே விட்டுவிட்டு வராமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.

நாங்கள் மாற்றவில்லை. அப்பா மாதத்துக்கு இரண்டு தடவைதான் வண்டியை எடுக்கிறார். டாஷ்போர்டில் நான் ஒட்டிய சீட்டில், என் மூன்று எண்களுக்குக் கீழே இப்போது அவர் கையெழுத்தில் நாலாவது ஒன்று இருக்கிறது: “வள்ளியூர் தாண்டினால் 88.9.”